கலுங்கில் கிடந்த பதினொரு சாக்கு

எங்கள் வாசகசாலைச் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று மலையாளம், ஒன்று தமிழ். இடவமும் வைகாசியும் ஒரே நாளிலோ ஒரு நாள் முன்பின்னாகவோ பிறக்கும். இரண்டையும் பார்த்து இரண்டு தேதியையும் எழுதிய பிறகுதான் எனக்கு நாள் தொடங்கும். நூலகர் வேலைக்கு வந்த முதல் திங்கட்கிழமையிலிருந்து எழுதிவரும் நாளேடு அது. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பதற்கு வேறு பதிவேடு இருக்கிறது. என் நாளேட்டில் மற்றவை இருக்கும்: மழை எந்தக் கிழமை பிடித்தது, சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயில் தண்ணீர் எப்போது வந்தது, தனுவச்சபுரம் கல்லூரிக்குப் போகும் பஸ் எந்தக் காலையில் வராமல் பிள்ளைகள் எங்கள் வாசலில் நின்றபடி பத்திரிகை வாசித்தார்கள் என்பவை.

இதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்டவர்கள் உண்டு. ஒருமுறை ஆயிற்று. அதைத்தான் இங்கே சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் இன்றும் என்னோடு பேசிக்கொண்டும் என்னைக் கேலி செய்துகொண்டும் இருப்பவர்கள். ஆகவே பெயர்களையும் ஆண்டையும் விட்டுவிட்டேன். கிழமைகளை மட்டும் விட மனம் வரவில்லை.

முதலில் இடம். வாசகசாலைக்குப் பின்னால் எங்கள் சபையின் ஆலயம். மிஷன் காலத்துக் கட்டடம். அதற்குப் பின்னால் சானல். சானலின் மேல் ஒரு நடைபாலம். பாலத்தைக் கடந்தால் எல்லைக்கல். கல்லுக்கு அந்தப்பக்கம் எங்கள் கல்லறைத் தோட்டம். ஆலயம் கட்டிய காலத்தில் எல்லாம் ஒரே ராஜ்யம். மாநிலங்கள் பிரிந்தபோது ஆலயம் கேரளத்திலும் கல்லறைத் தோட்டம் தமிழ்நாட்டிலும் ஆகிவிட்டன. ஞானஸ்நானம் ஒரு மாநிலத்தில், அடக்கம் இன்னொரு மாநிலத்தில் என்று எங்கள் சபையார் சொல்லிச் சிரிப்பார்கள். புதிதாக வந்த போதகர்களுக்குத்தான் இது அதிசயம். எங்களுக்கு அது வெறும் பாலம்.

அடுத்து குப்பை. எங்கள் பக்கத்தில் மாதம் ஒருமுறை பஞ்சாயத்தின் பச்சைக் கோட்டுப் பெண்கள் வீடுவீடாக வருவார்கள். பிளாஸ்டிக் போன்ற மக்காத பொருட்களை மட்டும், கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். சோறும் இலையும் மீன் முள்ளும் அவரவர் வீட்டு மண்ணிலேயே புதைந்துபோக வேண்டும். அந்தப் பக்கத்தில் தலைகீழ். தினமும் காலையில் தள்ளுவண்டியோடு துப்புரவுப் பெண்கள் வருவார்கள். ஈரக் குப்பை அவர்களுடைய உரக்கொட்டகைக்குப் போகும். பிளாஸ்டிக்குக்குத்தான் அங்கே போக்கிடம் இல்லை. கொட்டகையின் பின்னால் குவியும். சில மாலைகளில் புகையாக எங்கள் ஜன்னலுக்கு வரும்.

எங்கள் வார்டின் பச்சைக் கோட்டுக்காரி பிறந்தது அந்தப் பக்கத்தில். கட்டிக்கொடுத்தது இந்தப் பக்கத்தில். அவளுடைய அண்ணன் மனைவி, அதாவது அவளுக்கு மைனி, அந்தப் பக்கத்துத் தள்ளுவண்டிக்காரி. ஒரே குடும்பத்தின் இரண்டு பெண்கள், இரண்டு மாநிலத்தின் குப்பையை எடுத்தார்கள். சானலின் இரு கரையிலும் எதிரெதிரே வரும்போது அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்க, நான் புத்தக அலமாரியைத் துடைக்கும் பாவனையில் பின்வராந்தாவில் நிற்பதுண்டு.

"ஏட்டி, பச்சக் கோட்டு! ஒங்க ஊருல குப்பைய குளிப்பாட்டி, பவுடரு போட்டுத்தான் அனுப்புவியளாமே?"

"ஆமா மைனி. நீங்க தீ வச்சு மேல அனுப்புதிய. நாங்க குளிப்பாட்டி கம்பெனிக்கு அனுப்புதோம். ஆளாளுக்கு ஒரு முறை உண்டு இல்லியா?"

"வாய் மட்டும் எனக்க மாமியாருக்க வாய்!"

"எனக்க அம்மைக்க வாய் எனக்கு வராம உனக்கா வரும்?"

அவளுடைய கண்டிப்பு எங்கள் வார்டில் பிரசித்தம். பால் கவரை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். என் வீட்டுக் கவரையே இரண்டு மாதம் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

"அக்கா, இதுல மணம் உண்டு. எடுக்க மாட்டேன்."

"ரெண்டு தடவ கழுவினேனே."

"மூணாவது தடவையும் கழுவணுமாக்கும்."

அவள் சேர்க்கும் சாக்குகள் லாரி வரும்வரை வாசகசாலையின் பின்வராந்தாவில் இருக்கும். வெள்ளைச் சாக்குகள், ஒவ்வொன்றிலும் நீலச் சாயத்தில் வார்டு எண். எத்தனை சாக்கு வந்தது, எந்தக் கிழமை லாரி ஏறியது என்று நான் எழுதிவைப்பேன். யாரும் கேட்காமலே எழுதினேன்.

அந்த ஆண்டு இடவத்தின் இரண்டாம் ஞாயிறன்று எங்கள் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. இரண்டு மாநிலத்துச் சபையாரும் உட்கார்ந்து சாப்பிட்ட விருந்து. எங்கள் பஞ்சாயத்தின் சொல்லை மதித்து, வாழையிலையும் எவர்சில்வர் தம்ளரும்தான். கடைசிப் பந்தியில் தம்ளர் போதாமல் யாரோ காகிதக் கப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது, அதையும் எழுதியிருக்கிறேன். விருந்துக்குப் பிறகு எச்சில் இலைகள் எங்கே போயின என்று எழுதவில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, அதற்கடுத்த வாரம் பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. வியாழக்கிழமை காலை, சானல் சாலைக்கு அடியில் நுழைந்து போகிற கலுங்கு அடைத்துக்கொண்டது. தண்ணீர் கரை மீறி, அந்தப் பக்கத்தில் ஒருவர் ஓணத்துக்கென்று நட்டிருந்த ஏத்தன் வாழைக்குள் ஏறி நின்றது. ஆட்கள் கலுங்குக்குள் கழி விட்டுக் குத்தி அடைப்பை இழுத்தார்கள். வந்தது மண்ணோ மரமோ அல்ல, சாக்கு. ஒவ்வொன்றாக பதினொன்று. ஒவ்வொன்றிலும் நீலச் சாயத்தில் எங்கள் வார்டு எண்.

மறுநாள் வெள்ளிக்கிழமை எங்கள் லாரி வரும் நாள். எங்கள் ஊர்ச் சாலை கலுங்கின் அருகே வளைந்து, கொஞ்ச தூரம் தமிழ்நாட்டில் போய்விட்டுத் திரும்பவும் கேரளத்துக்கு வரும். அந்த வளைவில் லாரியை மறித்தார்கள். ஓட்டுநரின் பக்கத்தில் பச்சைக் கோட்டுக்காரி இருந்தாள். இறங்கச் சொன்னார்கள். இறங்கினாள்.

வாழைக்காரர் சாக்கைக் காட்டிக் கேட்டார்: "இது ஆருக்க வார்டு?"

"எங்க வார்டு."

"எண்ணை எழுதினது ஆரு?"

"நான்தான்."

"பின்ன? வண்டியில ஏத்த சோம்பல்பட்டு ராத்திரியோட ராத்திரியா சானல்ல தள்ளிட்டுப் போயிட்டே. ஒங்க நாட்டுக் குப்பைக்கு எங்க நாடுதான் குழி, இல்லியா?"

அவள் இல்லை என்றாள். ஆனால் சாக்கு அவளுடையது, எண் அவளுடையது. பத்துப் பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். மதியத்துக்குள் அந்தப் படம் எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கே வந்துவிட்டது. எங்கள் வார்டு மெம்பர் அவளுக்கு போன் செய்து, விசாரணை முடிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

பிற்பகலில் அவள் வாசகசாலைக்கு வந்தாள். கோட்டைக் கழற்றி, நான்காக மடித்து, என் மேசைமேல் வைத்தாள்.

"இது இங்க இருக்கட்டு அக்கா. வீட்டுக்கு கொண்டு போனா மோள் கேப்பா."

"விசாரிச்சா தெரிஞ்சுபோகும். வேல போகாது."

"வேல போனா போவட்டு. குப்பைய சானல்ல தள்ளினவன்னு பேரு வந்தா, நான் பின்ன எந்த வீட்டு வாசல்ல போய் நின்னு பால் கவரு கழுவலன்னு சொல்லுவேன்?"

அவள் போன பிறகு கோட்டை எடுத்துப் புத்தக அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவளுக்காக நான் செய்யக்கூடியது ஒன்று உண்டு என்பது அப்போதே என் மனதில் வந்துவிட்டது. என் நாளேடு. அவள் சேர்த்த ஒவ்வொரு சாக்கும் லாரியேறிய கிழமை அதில் இருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்தால் சானலில் தள்ள அவளிடம் சாக்கு மிச்சமே இருந்திருக்காது. நான் இத்தனை காலம் எழுதியதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று உள்ளூர மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது.

சனிக்கிழமை காலை வாசகசாலையைத் திறந்ததும் நாளேட்டோடு உட்கார்ந்தேன். மாதம் மாதமாகப் பார்த்தேன். வந்த சாக்கு, ஏறிய சாக்கு, எல்லாம் ஒத்துப்போயின. இடவத்துக்கு வந்தேன். பண்டிகைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. என் கையெழுத்து. மழை இல்லை; இரண்டு புதிய உறுப்பினர்கள்; அதற்குக் கீழே ஒரு வரி: சபைச் செக்ரட்டரி வந்தார்; பண்டிகைக் காரியங்களுக்கு வெற்றுச் சாக்கு பன்னிரண்டு கொடுத்தேன்.

அந்த வரியை மூன்று முறை வாசித்தேன். பஞ்சாயத்தின் சாக்கை, வார்டு எண் எழுதிய சாக்கை, அவளைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். கொடுத்ததை எழுதிவைத்துவிட்டு, எழுதியாயிற்று என்ற நிம்மதியில் மறந்தும் போயிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கலுங்கின் அருகே அவளை நிறுத்திக் கேள்வி கேட்டபோது, சொல்ல வேண்டிய பதில் என் மேசை இழுப்பறைக்குள் இருந்திருக்கிறது.

நாளேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனேன். செக்ரட்டரி அங்கே இருந்தார். பண்டிகைக்காக முற்றம் முழுவதும் புதிதாகப் பதித்த இன்டர்லாக் கற்களுக்கு இடையில் முளைத்திருந்த புல்லை ஆள் வைத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். சபைக் காரியம் என்றால் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடி வருபவர்.

"விருந்து முடிஞ்சு இலையெல்லாம் எங்க போட்டிய?" என்று கேட்டேன்.

"பொதைக்கணும்னுதான் இருந்தோம். எங்கன பொதைக்க? முற்றம் முழுக்க கல்லு போட்டாச்சு. சபைக்கு மண்ணுன்னு இனி பாக்கி இருக்கது கல்லறைத் தோட்டம் மட்டும்தான்." பாலத்தின் பக்கம் கையைக் காட்டினார். "அங்க குழி தோண்ட ஆருக்கும் மனசு வரல்ல. சாக்குல கெட்டி கல்லறை மதிலுக்கு வெளிய வச்சோம். கல்லுக்கு அந்தப்பக்கம்தானே? அவியளுக்க வண்டி தெனமும் வரும், எடுத்துட்டுப் போவினும்னு நினைச்சோம்."

"அவிய எடுக்கல்ல. மழை எடுத்துது."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. முகம் சிறுத்துப்போயிற்று. என்னை ஆலயத்தின் பக்கவாட்டுக்கு அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, இப்ப சொன்னா சபைக்க பேரு போவும். அந்தப் பக்கத்துல நம்ம கல்லறை இருக்கு. நாளைக்கு ஒரு அடக்கம்னா அவியளுக்க தயவு வேணும். விசாரணை தன்னால ஆறிப்போவும். அவளுக்கு வேல திரும்பக் கெடைக்கும்."

"வேல கெடைக்கும். பேரு?"

அவர் புல் பிடுங்குகிறவர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"சாக்கு குடுத்தது நான். அதை நான் சொல்லத்தான் போறேன். நீங்க சொல்லுவியளா இல்லியாங்கிறது உங்களுக்க காரியம். ஆனா பன்னிரண்டு குடுத்தேன், கலுங்குல பதினொண்ணு. பன்னிரண்டாவது எங்கன்னு ஆரும் கேட்டா என்ன சொல்லணும்?"

"ஆருக்குத் தெரியும்? கடலுக்குப் போயிருக்கும்."

"உங்க பைக்குக்க சீட்டைப் பாருங்க."

மழைக்காக அந்தச் சாக்கைச் சீட்டின் மேல் விரித்திருந்தார். நீல எண் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. செக்ரட்டரி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தலையில் கைவைத்துச் சிரித்துவிட்டார். புல் பிடுங்கிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். "திங்கக்கிழமைதானே விசாரணை? வாறேன்," என்றார் செக்ரட்டரி.

திங்கட்கிழமை காலை கலுங்கின் அருகே கூடினோம். மழை விட்டிருந்தது. சாக்குகள் சாட்சிப் பொருள் என்று யாரும் தொடாமல் கரையிலேயே கிடந்தன. நாற்றத்தில் நிற்க முடியவில்லை. அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்துத் தலைவர், எங்கள் மெம்பர், வாழைக்காரர், இரண்டு கரையிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். மைனி தள்ளுவண்டியோடு ஒரு ஓரத்தில். அவளுடைய நாத்தூன், அதாவது பச்சைக் கோட்டுக்காரி, அன்று கோட்டு இல்லாமல், சாதாரணச் சேலையில், எங்கள் கரையில் தனியாக.

நான் நாளேட்டைத் திறந்து அந்த வரியை வாசித்தேன். கொடுத்தது என் தவறு என்றும் சொன்னேன். செக்ரட்டரி பன்னிரண்டாவது சாக்கை மடித்துக்கொண்டு வந்திருந்தார். அதை மெம்பரின் கையில் கொடுத்துவிட்டு, மதிலோரம் வைத்ததைச் சொன்னார்.

வாழைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "டயறி ஒங்களுக்கது. பேனா ஒங்களுக்கது. இன்னைக்குக் காலைல எழுதிட்டு வந்தா எனக்குத் தெரியுமா? ஒங்க ஆளைக் காப்பாத்த நீங்க நாலு பேரும் ஒண்ணாச் சேந்து வந்திருக்கிய."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டது நியாயம். ஓணத்து வாழை தண்ணீரில் நிற்கிறவரிடம், என் கையெழுத்தை நம்பு என்று எப்படிச் சொல்வது? யாரும் எதிர்பாராமல் மைனி வண்டியை விட்டு வந்தாள். கையுறையை மாட்டினாள். இடுப்பில் செருகியிருந்த கத்தியால் முதல் சாக்கின் வாயை அறுத்துக் கவிழ்த்தாள். அழுகிய வாழையிலை. நசுங்கிய காகிதக் கப். இலைகளுக்கு நடுவே ஊறிப்போன ஒரு தாள். அதை அவள் இரண்டு விரலால் பிரித்துக் காட்டினாள். எங்கள் பண்டிகையின் ஆராதனை முறை அச்சிட்ட தாள்.

"டயறிய விடுங்க," என்றாள் மைனி. "சாக்கு பேசுதில்லியா? எனக்க நாத்தூன எனக்குப் பிடிக்காது. எனக்க வீட்டுக்கு வந்தா எனக்க கொடியில காயுத துணிய எடுத்து மறுபடியும் அலசி போடுவா. பால் கவருல ஒரு துளி பாலு இருந்தாலும் திருப்பிக் குடுக்கவ. அவளா இந்த எச்சி இலைய தொட்டுக் கெட்டுவா? கண்ணு இருக்கவன் சாக்குக்க வெளிய எழுதினத மட்டுமா பாப்பான்? உள்ள பாக்கண்டாமா?"

மைனி கத்தியைத் துடைத்தாள். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்: "நானும் சாக்க பாத்தேன். பண்டிகைக்கு அடுத்த நாளே பாத்தேன். அவியளுக்க நம்பரு போட்டிருந்துது. அவிய நாட்டுச் சாக்க நான் எதுக்கு எடுக்கணும்னு வண்டிய உருட்டிட்டுப் போயிட்டேன். ஒரு வாரம் தெனமும் பாத்தேன்."

எதிர்க்கரையிலிருந்து அவளுடைய நாத்தூன் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "நானும் கண்டேன் மைனி. நம்ம சாக்கு மாதிரி இருக்கேன்னு நினைச்சேன். கல்லுக்கு அந்தப்பக்கம் இல்லியா, எனக்கென்னன்னு வந்துட்டேன்."

அதன் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மீன்காரர் பார்த்திருந்தார். அந்தப் பக்கத்துத் தலைவரே பைக்கில் போகும்போது பார்த்திருந்தார். கடைசியில் வாழைக்காரரும், தானும் கண்டதாகவும், கேரளாக்காரன் குப்பையைத் தான் தொடுவதா என்று விட்டதாகவும் சொன்னார். ஒரு வாரமாக அந்தப் பதினொரு சாக்குகளைப் பார்க்காத ஆள் ஊரிலேயே இல்லை. யாரும் எதையும் சானலில் தள்ளவில்லை. எல்லோரும் அவரவர் சட்டப்படி சரியாக நடந்துகொண்டிருந்தோம்.

"அப்போ ஆருக்க தப்பு?" என்றார் தலைவர், உண்மையிலேயே குழம்பிப்போய்.

"கல்லுக்க தப்பு," என்றாள் மைனி. "தூக்கி சாக்குல கெட்டுங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வாழைக்காரரும் சிரித்தார். முதலில் குனிந்து ஒரு சாக்கைப் பிடித்தது செக்ரட்டரி. இலைகள் எல்லாம் மைனியின் வண்டியில் ஏறின. உரக்கொட்டகைக்கு மூன்று நடை போயின. கப்புகளைச் சபையார் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார்கள். மதியத்துக்குப் பிறகு சபையார் சிலர் மண்வெட்டியோடு போய் வாழைக்குள் நின்ற தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார்கள். அவர்களில் போதகரும் ஒருவர்.

அத்தோடு முடித்திருக்கலாம். எங்கள் மெம்பர் அங்கேயே பச்சைக் கோட்டுக்காரியைப் பார்த்து, "நாளை முதல் வேலைக்கு வந்நோ," என்றார். அவள் அசையவில்லை.

"வாறேன் மெம்பரே. ஆனா எனக்கு ஒரு காரியம் உண்டு. என்னை நிறுத்திக் கேட்டது இங்க வச்சு. நான் செய்யல்லன்னு எழுதி, ரெண்டு பஞ்சாயத்தும் ஒப்பு போட்டு, இங்க வச்சே வாசிக்கணும். அது வரைக்கும் கோட்டு அக்காக்க அலமாரியில இருக்கட்டு."

மைனி எதிர்க்கரையிலிருந்து கத்தினாள்: "எழுதுததோட எழுதுததா, எங்க கொட்டகைக்குப் பின்னால கெடக்க பிளாஸ்டிக்குக்கும் ஒரு வழி எழுதுங்க. அவ லாரி போவுது, வருது. நான் தீ வச்சு இருமுதேன். எனக்க எலைக் கொட்டகையில எடம் உண்டு. அவளுக்க லாரியில எடம் இல்லியா?"

இரண்டு பஞ்சாயத்தும் வருஷக்கணக்காக ஒன்றன்மேல் ஒன்று குற்றம் சொல்லிக்கொண்டிருந்த விஷயத்துக்கு, அந்த ஒரே மூச்சில் அவள் வழி சொல்லிவிட்டாள். நடந்தது அவ்வளவு எளிதாக அல்ல. மாநில எல்லையைக் குப்பை தாண்டக் கூடாது; சோதனைச் சாவடியில் பிடித்துவிடுவார்கள்; எந்த விதியில் இதற்கு இடம் இருக்கிறது என்று இரண்டு அலுவலகமும் கேட்டன. கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று; ஒன்றின் மொழிபெயர்ப்பாக மற்றொன்று இருக்கக் கூடாது, இரண்டும் மூலமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஐந்து முறை திருத்தினார்கள். கடைசியில் நின்றது சிறியதுதான். சானலின் இரு கரையில் உள்ள வீடுகளுக்கும், ஆலயத்துக்கும், கல்லறைத் தோட்டத்துக்கும் மட்டும். கரையில் கிடக்கும் எதையும், எந்த எண் எழுதியிருந்தாலும், முதலில் காண்பவர் எடுக்க வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நடைபாலத்தில் இரு பக்கத்துப் பெண்களும் சேர்ந்து பிரிப்பார்கள். ஈரமானது அந்தப் பக்கம் போகும். கழுவிக் காய்ந்தது, இரு பஞ்சாயத்தின் முத்திரையிட்ட சீட்டோடு, இந்தப் பக்கத்து லாரியில் ஏறும்.

கடிதத்தின் முதல் பத்தி வேறு. அது அவளுக்கு உரியது. வெள்ளிக்கிழமை கலுங்கின் அருகே அவர்மேல் சொல்லப்பட்டது உண்மையல்ல என்று இரண்டு பஞ்சாயத்தும் எழுதின.

மிதுன மாதத்து மூன்றாம் சனிக்கிழமை, அந்தப் பக்கத்தில் ஆனி, காலை பத்து மணிக்கு லாரியை மறித்த அதே வளைவில் நின்று அதை வாசித்தேன். முதலில் தமிழில், பிறகு மலையாளத்தில். வெள்ளிக்கிழமை செல்போனில் படம் பிடித்தவர்களைத் தேடி அழைத்து, இதையும் பிடிக்கச் சொன்னார் வாழைக்காரர். அவர்கள் பிடித்தார்கள். வாசித்து முடித்ததும் நான் பையிலிருந்து பச்சைக் கோட்டை எடுத்தேன். மைனி அதை என் கையிலிருந்து பிடுங்கி, உதறி, நாத்தூனின் தோளில் போட்டாள்.

"மடிப்பு போயிட்டு மைனி. நான் நாலா மடிச்சு வச்சிருந்தேன்."

"போடு ஏட்டி, பெரிய கலெக்டரு."

நடைபாலத்தில் அன்றுதான் முதல் பிரிப்பு. மைனி கொண்டுவந்த பிளாஸ்டிக்கில் பாதியை நாத்தூன் முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். மைனி தமிழ்நாட்டின் சார்பில் ஏசினாள். பிறகு அங்கேயே வாளி கொண்டுவரச் சொல்லிக் கழுவ உட்கார்ந்தாள். அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கரை வீடுகளிலும் பால் கவர்கள் கொடியில் காயத் தொடங்கின. பஸ்ஸில் போகிறவர்கள் கல்யாண வீட்டுத் தோரணம் என்று நினைத்துக்கொண்டதாகக் கேள்வி.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. ஹர்த்தால் நாளில் நடந்திருக்கிறது. பொங்கலுக்கு அந்தப் பக்கம் விடுமுறை, ஓணத்துக்கு இந்தப் பக்கம் விடுமுறை, இரண்டிலும் நடந்திருக்கிறது. காரோடு ஊரிலிருந்து, கடல் பக்கத்தில் இதே தொந்தரவு உள்ளவர்கள், ஒரு வேன் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒற்றசேகரமங்கலத்து வாசகசாலையிலிருந்து கடிதத்தின் நகல் கேட்டார்கள். தமிழும் மலையாளமும் சேர்த்தே அனுப்பினேன். எங்கள் ஆலயத்து முற்றத்தில் ஒரு மூலையில் இன்டர்லாக் கல்லைப் பெயர்த்து, இலை புதைக்க மண் திறந்துவிட்டிருக்கிறோம். அதைச் செய்யச் சொல்லிச் சபைக் கூட்டத்தில் எழுந்து பேசியவர் செக்ரட்டரி. பெருமையாக இருக்கிறது என்று எழுத எனக்குத் தயக்கம் இல்லை. எங்கள் பக்கத்துக்காக மட்டும் என்றால் தயங்கியிருப்பேன்.

கரையில் இப்போதும் எப்போதாவது ஏதாவது கிடக்கும். பழைய செருப்பு, மழைக்கோட்டு, பிள்ளைகள் எறிந்த குப்பி. முதலில் கண்டவர் எடுக்கிறார். கண்டும் காணாததுபோல் போனால், எதிர்க்கரையிலிருந்து ஒரு குரல் கேட்கும். கல்லுக்கு எந்தப் பக்கம் என்று அது பார்ப்பதில்லை.

கோட்டு போட்டுக்கொண்ட அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, அவள் வழக்கம்போல் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். அவளுக்காகக் கடிதம் எழுதியவள், கலுங்கில் நின்று வாசித்தவள் என்ற எண்ணம் எனக்குள் இருந்திருக்கும் போல. பையைக் கொஞ்சம் அலட்சியமாக நீட்டினேன். வாங்கினாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒரு கவரை மூக்கருகே கொண்டுபோனாள்.

"அக்கா," என்றாள்.

"மூணு தடவ கழுவினேன்."

"காயல்ல." கவரை என் கையில் திருப்பி வைத்தாள். "அடுத்த மாசம் வாறேன்."

அதையும் எழுதிவைத்தேன். செவ்வாய், வெயில் நல்லது, ஒரு பால் கவர் திரும்பி வந்தது.